எமோஜி: சொல்வதும் சொல்லாததும்

அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய ஒருவர், வெளியூரில் இருக்கும் தம் மகளுக்குக் கைப்பேசியில் ஒரு முகத்தை மட்டும் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கண்கள் மூடிய அம்முகத்தின் மூக்கருகே நீர்த்துளி போன்ற ஒரு குமிழி இருக்கிறது. தந்தை வலியால் அழுகிறார் என்று மகள் பதறக்கூடும். சளி பிடித்திருக்கிறது என்றும் எண்ணக்கூடும். உண்மையில் அது உறக்கத்தைக் குறிக்கும் படமாகும். உறங்குபவரின் மூக்கில் குமிழி வரைவது ஜப்பானியச் சித்திரக் கதைகளின் மரபு. அம்மரபை அறியாதவர்க்கு அது கண்ணீராகவே தோன்றும்.

எமோஜி என்பதே ஜப்பானியச் சொல்தான். ‘எ’ என்றால் படம். ‘மோஜி’ என்றால் எழுத்து. 1999ஆம் ஆண்டு அந்நாட்டின் என்.டி.டி. டோகோமோ நிறுவனத்திற்காக ஷிகெடாகா குரிடா வடிவமைத்த 176 சிறு படங்கள் புகழ்பெற்றவை. 2010இல் யூனிகோட் எழுத்துக் குறியீட்டு முறையில் இடம்பெற்ற பின்னர் எமோஜிகள் உலகெங்கும் பரவின. யூனிகோட் ஒவ்வொரு படத்திற்கும் ஓர் எண்ணையும் பெயரையும் வரையறுக்கிறது. உருவத்தை வரைபவை அந்தந்த நிறுவனங்களே. ஆகவே, நீங்கள் அனுப்பும் முகமும் பெறுபவர் காணும் முகமும் வேறுபடலாம்.

மருத்துவத்திற்குப் படமொழி புதிதன்று. 1980களில் அமெரிக்காவில் குழந்தைகளுக்காக உருவாக்கப்பட்ட வோங்–பேக்கர் அளவுகோலில் ஆறு முகங்கள் உள்ளன. சிரிக்கும் முகம் 0. கண்ணீர் வடிக்கும் முகம் 10. வலியை எண்ணால் கூற இயலாத குழந்தையும் தனக்குப் பொருந்தும் முகத்தைத் தொட்டுக் காட்டிவிடும். மூச்சுக்குழாய் பொருத்தப்பட்டதால் பேச இயலாத நோயாளிகள் தாகம், வலி, குளிர் ஆகியவற்றைப் படப்பலகையில் சுட்டிக்காட்டுவதும் இவ்வாறே. இப்படங்களின் பொருள் என்ன என்பதை இருதரப்பினரும் முன்னரே அறிந்திருக்கின்றனர். எமோஜிக்கு அத்தகைய உடன்பாடு கிடையாது.

எனவே, உடல்நிலை குறித்துச் செய்தி அனுப்பும்போது சிலவற்றை நினைவிற்கொள்ளுங்கள். அழும் முகத்திற்குப் பதிலாக, வலி எந்த இடத்தில், எப்போது தொடங்கியது, 0 முதல் 10 வரை எவ்வளவு என்று எழுதுங்கள். காய்ச்சல் என்றால் வெப்பமானியின் அளவைக் குறிப்பிடுங்கள். மருந்து பற்றிய அறிவுரைக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் மட்டும் போதாது. அது செய்தியைப் பார்த்ததைக் காட்டுமேயன்றி, புரிந்துகொண்டதைக் காட்டாது. “இரவு உணவுக்குப் பின் ஒரு மாத்திரை கொடுத்துவிட்டேன்” என்று எழுதுவதே தெளிவு. பார்வைக் குறைபாடு உடையோரின் கைப்பேசி, எமோஜியின் பெயரை வாசித்துக் காட்டும். பத்து இதயங்களை அனுப்பினால் அப்பெயரை அவர்கள் பத்து முறை கேட்க நேரிடலாம், ஒன்று போதும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நிற்காத இரத்தக்கசிவு ஆகியவற்றின்போது செய்தி அனுப்பிப் பதிலுக்காகக் காத்திராதீர்கள். உடனே அவசர ஊர்தியை அழையுங்கள்.

மற்றபடி, அன்பைத் தெரிவிக்க எமோஜிக்குத் தடையேதும் இல்லை. மருத்துவமனைப் படுக்கையில் தனித்திருப்பவர்க்குப் பேரக்குழந்தை அனுப்பும் ஒரு சிரித்த முகம் பெரும் ஆறுதலாகும். அதனுடன் “சாப்பிட்டீர்களா, தாத்தா?” என்ற ஒரு வரியையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.