ரூ. 413 கோடியில் ரயில் முனையம். நடந்து செல்லத்தான் வழியில்லை

புதுதில்லி: அடுத்தடுத்த இரு நாள்களில் இரண்டு ரயில் திட்டங்களைப் பிரதமர் நரேந்திர மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தார். 2025 ஜனவரி 5-ஆம் தேதி, சாகிபாபாதிலிருந்து தில்லி நியூ அசோக் நகர் வரையிலான 13 கி.மீ. நமோ பாரத் வழித்தடம். மறுநாள், தில்லியில் இருந்தபடியே காணொலிக் காட்சி மூலம், ஹைதராபாதின் கிழக்குப் புறநகரில் ஏறத்தாழ ரூ. 413 கோடியில் கட்டப்பட்ட சர்லப்பள்ளி ரயில் முனையம். இரண்டிலும் நகரும் படிக்கட்டுகள் உண்டு; மின்தூக்கிகள் உண்டு; பளபளக்கும் முகப்பும் உண்டு. வேறுபாடு தெரிவது, ரயிலைவிட்டு இறங்கி வாசலைத் தாண்டிய பிறகுதான்.

நியூ அசோக் நகரில் இறங்குபவர் சுமார் 90 மீட்டர் நீள நடைமேம்பாலம் வழியாக மெட்ரோ நிலையத்துக்குள் சென்றுவிடலாம். சாலையில் கால் வைக்கத் தேவையில்லை. அதே வழித்தடத்தின் சராய் காலே கான் நிலையத்தை ஹஸ்ரத் நிஜாமுதீன் ரயில் நிலையத்துடன் இணைக்க 280 மீட்டர் நீளப் பாலமும், அதில் பெட்டியுடன் நிற்பவரையே நகர்த்திச் செல்லும் நடைபாதைகளும் அமைக்கப்பட்டன.

சர்லப்பள்ளியின் கதை வேறு. செகந்திராபாத், நாம்பள்ளி, காச்சிகுடா ஆகிய மூன்று நிலையங்களின் நெரிசலைக் குறைக்க, நகரின் நான்காவது முனையமாக இது வளர்த்தெடுக்கப்பட்டது. நடைமேடைகளுக்கு மேலே 12 மீட்டர் அகலத்தில் ஒரு பாலம், 6 மீட்டர் அகலத்தில் மற்றொன்று எனத் தாராளமாகவே கட்டியிருக்கிறார்கள். பாலத்தைவிட்டு இறங்கி வெளியே வந்தால் தொழிற்பேட்டை. எண்ணெய் நிறுவனங்களின் சேமிப்பு முனையங்களும் இந்திய உணவுக் கழகக் கிடங்கும் சுற்றுவட்டாரத்தில் இருப்பதால் டேங்கர்களும் லாரிகளும் இடைவிடாமல் ஓடும் சாலைகள். மற்ற வழிகள் குடியிருப்புகளின் ஊடே செல்லும் குறுகலான தெருக்கள். நடைபாதை என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் கிடையாது. மெட்ரோ ரயில் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

தமிழகப் பயணிகளுக்கும் இதில் தொடர்பு உண்டு. சென்னை சென்ட்ரலிலிருந்து மாலையில் புறப்படும் ஹைதராபாத் விரைவு ரயில் (12603/12604) 2025 ஜனவரியில் நாம்பள்ளிக்குப் பதிலாகச் சர்லப்பள்ளிக்கு மாற்றப்பட்டது. நாம்பள்ளி நகரின் நடுவே உள்ளது. பேருந்தும் மெட்ரோவும் கைக்கெட்டும் தொலைவில். புறநகர் முனையத்தில் விடிந்தும் விடியாத வேளையில் இறங்கும் குடும்பத்துக்கு ஆட்டோக்காரர் சொல்வதுதான் கட்டணம். அதே ஆண்டு ஏப்ரலில் செகந்திராபாத் நிலையத்தைப் புதுப்பிப்பதற்காக அங்கு சில நடைமேடைகள் மூடப்பட்டு, மேலும் பல ரயில்கள் சர்லப்பள்ளிக்குத் திருப்பப்பட்டபோது சிக்கல் பெருகியது.

யாருடைய சாலை?

இந்த நிலைமையை யாரும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. திறப்பு விழாவுக்கு முன்பே மத்திய நிலக்கரித் துறை அமைச்சரும் செகந்திராபாத் எம்.பி.யுமான ஜி. கிஷண் ரெட்டி, முனையத்துக்கான அணுகுசாலைகளை அகலப்படுத்தித் தருமாறு தெலங்கானா முதல்வர் ரேவந்த் ரெட்டிக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தைப் பெற்ற முதல்வர் அப்பகுதிக்குப் புதியவர் அல்லர். சர்லப்பள்ளியை உள்ளடக்கிய மல்காஜ்கிரி மக்களவைத் தொகுதியின் உறுப்பினராக 2019 முதல் 2023 வரை இருந்தவர் அவரே. ஆக, ரயில் நிலையத்தை அமைப்பவர்களுக்கும் சாலையை அமைக்க வேண்டியவர்களுக்கும் ஊர் நன்றாகவே தெரியும். அப்படியிருந்தும் நிலையம் முதலில் வந்தது. சாலை கடிதத்தில் நின்றது.

இதற்கான வேர் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. ஏழாவது அட்டவணையில் ரயில்வே மத்தியப் பட்டியலின் 22-ஆவது இனம். சாலைகளும் பாலங்களும் மாநிலப் பட்டியலின் 13-ஆவது இனம். 1992-இல் நிறைவேறிய 74-ஆவது திருத்தம் சேர்த்த பன்னிரண்டாவது அட்டவணையின்படி சாலையும், தெருவிளக்கும், பேருந்து நிறுத்தமும் நகராட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கத்தக்கவை. தொழிற்பேட்டைக்குள் சென்றால் மாநிலத் தொழில் உள்கட்டமைப்புக் கழகமும் ஒரு பங்காளி. ஆகவே நிலையத்தின் சுற்றுச்சுவர் வெறும் சுவர் அல்ல. இரண்டு அரசுகளின் எல்லைக்கோடு. அதைக் கடந்து நடப்பவருக்கு எந்தப் பட்டியலிலும் தனி இனம் இல்லை.

நாடாளுமன்றத்தில் இது குறித்துக் கேள்வி எழுப்பும் உறுப்பினர்களுக்குக் கிடைக்கும் பதில்களை ஆண்டுக்கணக்கில் படித்து வருபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார்கள். ரயில் நிலைய மேம்பாடு "தொடர்ந்து நடைபெறும் பணி". பணிகள் "முன்னுரிமைக்கும் நிதி இருப்புக்கும் உட்பட்டு" மேற்கொள்ளப்படும். அமைச்சர்கள் மாறுவார்கள், கட்சிகள் மாறும். இந்த வாசகம் மாறுவதில்லை. வாசலுக்கு வெளியே உள்ளது என்றால் அது மாநில அரசைச் சேர்ந்தது. மாநிலச் சட்டப்பேரவையில் கேட்டால் ரயில்வே தன்னிச்சையாக இடத்தைத் தேர்ந்தெடுத்தது என்பார்கள். இரண்டு பதில்களும் பொய்யல்ல என்பதுதான் தொல்லை. மாநகரத் தெருவில் நிலம் கையகப்படுத்த ரயில்வேயால் இயலாது. தன்னைக் கேட்காமல் முடிவான நிலையத்துக்காக வீடுகளையும் கடைகளையும் இடிக்கும் பழியைச் சுமக்க எந்த மாநில அரசும் விரும்பாது.

ஹைதராபாதின் புறநகர் ரயிலான எம்.எம்.டி.எஸ். விஷயத்தில் இந்த இழுபறி இன்னும் பழையது. 2003 ஆகஸ்டில் அன்றைய துணைப் பிரதமர் எல்.கே. அத்வானி தொடங்கிவைத்த சேவை அது. இரண்டாம் கட்டத்துக்கு மூன்றில் இரு பங்கை மாநிலமும் ஒரு பங்கை ரயில்வேயும் ஏற்பதாக ஒப்பந்தம். மாநிலம் தன் பங்கைத் தரவில்லை என்று ரயில்வே பல ஆண்டுகள் புகார் கூறியது. ஒருவழியாக 2024 மார்ச் 5-ஆம் தேதி சனத்நகர் - மௌலாலி இடையிலான 22 கி.மீ. இரட்டைப் பாதையைப் பிரதமர் திறந்துவைத்தார். பெரோஸ்குடா, சுசித்ரா சென்டர், பூதேவி நகர், அம்முகுடா, நேரேட்மெட், மௌலாலி வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு ஆகிய ஆறு இடங்களில் புதிய நிலையக் கட்டடங்கள் எழுந்தன. இப்பகுதியில் மூன்றாவதாக ஓர் அதிகாரமும் உண்டு: கண்டோன்மென்ட். அங்குள்ள சாலைகளை ராணுவம் மூடுவது குறித்த தகராறு செகந்திராபாத்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று.

ஐந்து ரூபாயில் தொடங்கும் சீட்டை வாங்கி எம்.எம்.டி.எஸ்.ஸில் ஏறுபவர் பெரும்பாலும் வீட்டிலிருந்து நடந்து வருபவர். நிலையத்துக்கு வர ஆட்டோவுக்கு முப்பது, நாற்பது ரூபாய் கொடுக்க வேண்டுமென்றால் மலிவான ரயிலால் அவருக்கு என்ன லாபம்? அவர் இருசக்கர வாகனம் வாங்கிவிடுவார். பெட்டிகள் காலியாக ஓடும். பயணிகள் இல்லை என்று காரணம் காட்டி ரயில்கள் குறைக்கப்படும். தில்லியிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளை முன்னிட்டுப் பயணிகளுக்காக மேம்படுத்தப்பட்ட 35 கி.மீ. சுற்று ரயில் பாதை நகரின் மையப் பகுதிகளைத் தொட்டுச் செல்கிறது. லாஜ்பத் நகர், சரோஜினி நகர் போன்ற பெயர்பெற்ற இடங்களில் நிலையங்கள் உள்ளன. ஆனால் அவை எங்கே இருக்கின்றன என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் பலருக்குத் தெரியாது. சந்துகளின் முடிவிலும் குடிசைகளின் பின்னாலும் ஒளிந்துகிடக்கும் நிலையங்களுக்குச் செல்ல முறையான வழி கடைசிவரை போடப்படவே இல்லை.

உயிர்தான் விலை

வசதிக்குறைவோடு போனால் பொறுத்துக்கொள்ளலாம். பாதையின் ஒரு பக்கத்தில் வீடும் மறுபக்கத்தில் வாசலும் இருந்து, நடுவே கடக்க வழி தொலைவில் இருந்தால், மக்கள் தண்டவாளத்தில் இறங்குவார்கள். 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 147-ஆவது பிரிவில், அதை அத்துமீறல் என்கிறது. ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று அதில் எழுதப்பட்டது. தண்டனை பயந்து யாரும் நின்றதாகத் தெரியவில்லை. அணு விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையிலான பாதுகாப்பு ஆய்வுக் குழு 2012 பிப்ரவரியில் அளித்த அறிக்கையில், இவ்வாறு தண்டவாளத்தைக் கடக்கையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 பேர் இறப்பதாகவும், அவர்களில் சுமார் 6,000 பேர் மும்பை புறநகர்ப் பாதைகளில் மட்டும் இறப்பதாகவும் குறிப்பிட்டது. நாகரிகச் சமுதாயம் ஏற்க முடியாத படுகொலை என்று அக்குழு இதை வருணித்தது. ரயில்வேயின் விபத்துக் கணக்கில் இந்த மரணங்கள் சேர்வதில்லை.

மும்பையில் 2017 செப்டம்பர் 29-ஆம் தேதி காலை, மழைக்கு ஒதுங்கிய கூட்டமும் ரயிலைவிட்டு இறங்கிய கூட்டமும் எல்பின்ஸ்டன் சாலை - பரேல் நிலையங்களை இணைக்கும் குறுகிய பாலத்தில் சிக்கியதில் 23 பேர் நசுங்கி இறந்தனர். அந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் ஆலைகள் இருந்தன. தொழிலாளர்கள் அருகிலேயே குடியிருந்தார்கள். ஆலைகள் போய் அலுவலகக் கோபுரங்கள் வந்தபோது லட்சக்கணக்கானோர் ரயிலில் வந்து இறங்கத் தொடங்கினர். பாலம் மட்டும் பழையபடியே இருந்தது. புதிய பாலம் கேட்டு மும்பை எம்.பி.க்கள் முன்பே எழுதியிருந்தனர், ஒப்புதலும் கிடைத்திருந்தது, வேலைதான் தொடங்கவில்லை. விபத்துக்குப் பிறகு ராணுவம் வரவழைக்கப்பட்டு, 2018 பிப்ரவரி 27-இல் புதிய நடைமேம்பாலம் திறக்கப்பட்டது. நான்கு மாதத்தில் முடியும் வேலை அது என்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்தத் துயரத்தின்போது வெளிவந்த ஒரு கணக்கு விவரம் பலரின் கவனத்துக்கு வரவில்லை. அதுவரை ஒரு நிலையத்தின் முதல் நடைமேம்பாலம் மட்டுமே அவசியமானது. அடுத்தடுத்த பாலங்கள் "பயணியர் வசதி" என்ற தலைப்பில் வந்தன. குளிர்ந்த குடிநீர், இருக்கைகளோடு சேர்ந்த செலவு. நிதி குறைந்தால் முதலில் வெட்டப்படுவது அதுதான். ரயில்வே அமைச்சராக அதே மாதம் பொறுப்பேற்றிருந்த பியூஷ் கோயல், இனி நடைமேம்பாலங்கள் கட்டாயமானவை என்று அறிவித்து, 150 ஆண்டு கால வழக்கத்தை மாற்றினார். நிலையத்தின் உள்ளே இருக்கும் பாலத்துக்கு இது பொருந்தியது. வெளியே இருக்கும் வழிக்கு?

அதற்கு 2019 மார்ச் 14 விடை சொன்னது. மும்பை சத்ரபதி சிவாஜி முனையத்துக்கு வெளியே சாலையைக் கடக்கும் ஹிமாலயா நடைமேம்பாலம் மாலை நெரிசலில் இடிந்து விழுந்து பலர் உயிரிழந்தனர். முதல் சில மணி நேரம், பாலம் ரயில்வேயுடையதா, மாநகராட்சியுடையதா என்ற வாதத்திலேயே கழிந்தது. அதற்கு முந்தைய ஆய்வில் அப்பாலம் பயன்பாட்டுக்கு ஏற்றது என்று சான்று பெற்றிருந்தது. அதே இடத்தில் மாற்றுப் பாலம் வர நான்கு ஆண்டுகள் ஆயின. உள்ளே இறந்தவர்களுக்காக ராணுவம் நான்கு மாதத்தில் பாலம் கட்டியதையும் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரே மேசையில் இருவர்

அப்படியானால் நியூ அசோக் நகரில் மட்டும் எப்படி முடிந்தது? பணம் ஒரு காரணம். நமோ பாரத் திட்டத்தின் செலவு பல்லாயிரம் கோடி. ஆனால் அதைவிட முக்கியமானது, திட்டத்தை நிறைவேற்றும் தேசியத் தலைநகர் வட்டாரப் போக்குவரத்துக் கழகத்தின் அமைப்பு. அதில் மத்திய அரசுக்கு 50 சதவீதமும், தில்லி, உத்தரப் பிரதேசம், ஹரியாணா, ராஜஸ்தான் ஆகியவற்றுக்குத் தலா 12.5 சதவீதமும் பங்கு. நிலையத்தை வரைபவரும் சாலைக்கு அனுமதி தருபவரும் ஒரே மேசையில் அமர்ந்துவிட்டதால் கடிதப் போக்குவரத்து குறைந்தது. ரயில்வேக்கும் ஹைதராபாதுக்கும் இடையே அப்படியொரு மேசை போடப்படவில்லை.

நீதிமன்றமும் இதில் நுழைந்துவிட்டது. சாலை விபத்துகள் குறித்துக் கோவை எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், தடையற்ற நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியது. அதே வழக்கில் அக்டோபரில், பாதசாரிகளுக்கான விதிகளை மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் ஆறு மாதத்துக்குள் வகுக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 2022-இல் மட்டும் நாட்டின் சாலைகளில் 32,825 பாதசாரிகள் இறந்தனர் என்ற அரசின் கணக்கைப் பார்த்தால் உத்தரவு தாமதமாகவே வந்தது எனலாம்.

1,300-க்கும் மேற்பட்ட நிலையங்களைப் புதுப்பிக்கும் அமிர்த பாரத் திட்டத்தில் அணுகுவழியையும் முன்வளாகத்தையும் மேம்படுத்துவது பணிகளின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. அந்த அணுகுவழி ரயில்வே நிலத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு அப்பால், இந்தியச் சாலைகள் பேரவையின் நெறிமுறை கேட்பது குறைந்தபட்சம் 1.8 மீட்டர் அகல நடைபாதை. ரூ. 413 கோடியோடு ஒப்பிட்டால் அரை கிலோமீட்டர் நடைபாதையின் செலவு பொருட்படுத்தத்தக்கதல்ல. மக்களவை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ரூ. 5 கோடி தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. சாலை, நடைபாதை, பாலம் ஆகியவற்றுக்கு அதைச் செலவிட விதிகள் இடம் தருகின்றன. அதற்கும் நிலத்துக்கு உரிமையுள்ள அமைப்பு முதலில் ஒப்புதல் தர வேண்டும்.