பிழைத்தவர்களையும் எண்ணிய பாதிரியார்

1854 ஆகஸ்ட் 31 இரவு, லண்டனின் சோஹோ பகுதியில் காலரா புகுந்தது. பிராட் தெருவிலும் அதை ஒட்டியும் மூன்றே நாட்களில் 127 பேர் மாண்டார்கள். நோய் ஓய்வதற்குள் பலி 616 ஆனது. வசதி இருந்தவர்கள் ஊரைக் காலி செய்தார்கள். செயின்ட் லூக் ஆலயத்தின் உதவிப் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட், வீடு வீடாகப் படியேறிச் சாகக் கிடந்தவர்களின் அருகில் உட்கார்ந்தார்.

கெட்ட காற்றுதான் காலராவைப் பரப்புகிறது என்று அன்று பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினார்கள். பிராட் தெரு அடிபம்பின் தண்ணீர்தான் காரணம் என்றார் டாக்டர் ஜான் ஸ்னோ. அவர் பேச்சைக் கேட்டு, செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது.

வைட்ஹெட்டுக்கு நம்பிக்கை வரவில்லை. அதே தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தும் பிழைத்தவர்களை அவர் பார்த்திருந்தார். அந்தப் பகுதியின் தேவாலயச் சேகர நிர்வாகம் ஒரு விசாரணைக் குழு அமைத்தபோது ஸ்னோவும் அவரும் அதில் இடம்பெற்றார்கள். ஸ்னோ சொன்னது தவறென்று காட்டும் எண்ணத்தோடுதான் அவர் விசாரிக்கக் கிளம்பினார்.

ஸ்னோ பெரும்பாலும் இறந்தவர்களைப் பற்றியே விசாரித்திருந்தார். ஆனால் தெருவே ஒரு பம்பை நம்பியிருந்தால், செத்தவர்களும் அதன் தண்ணீரைக் குடித்திருப்பார்கள், பிழைத்தவர்களும் குடித்திருப்பார்கள். குடிக்காதவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரிந்தால்தான் கணக்கு முழுமையாகும். அதை வெளியாள் ஒருவர் வந்து கேட்டால் யார் பொறுமையாகப் பதில் சொல்வார்கள்? வைட்ஹெட் துக்கத்தில் கூட இருந்தவர். ஒரே வீட்டுக்கு நான்கைந்து முறை போனாலும் கதவு திறந்தது. வேறிடம் போய்விட்டவர்களின் விலாசமும் கிடைத்தது.

பம்புத் தண்ணீர் குடித்த 137 பேரில் 80 பேருக்குக் காலரா. குடிக்காத 297 பேரில் 20 பேருக்கு மட்டுமே. பாதிரியார் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். இப்படி இரு தரப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் இன்றும் நோய்ப்பரவல் ஆய்வின் அடிப்படை.

தண்ணீர் எப்படிக் கெட்டது என்பதையும் அவரே கண்டுபிடித்தார். இறப்புப் பதிவேட்டைப் புரட்டியபோது, பிராட் தெரு 40ஆம் எண் வீட்டில் ஐந்து மாதக் குழந்தை வயிற்றுப்போக்கால் இறந்த பதிவு கண்ணில் பட்டது. கொள்ளைநோய் வெடிப்பதற்குச் சில நாட்கள் முன்பே அது நோயில் விழுந்திருந்தது. குழந்தையின் துணிகளை அலசிய நீரைத் தாய் அந்த வீட்டின் கழிவுக்குழியில் கொட்டியிருந்தார். தோண்டிப் பார்த்தால், குழிக்கும் பம்பின் கிணற்றுக்கும் இடையே மூன்றடிகூட இல்லை. செங்கல் சுவர் சிதைந்து, கழிவு மண்ணுக்குள் கசிந்திருந்தது. ராபர்ட் கோச் கல்கத்தாவில் காலராக் கிருமியை உறுதிசெய்ய இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன.

அந்தக் குழந்தையின் தந்தையும் காலராவில் விழுந்து இறந்தார். அவர் படுக்கையில் விழுந்த நாள் செப்டம்பர் 8. அவருடைய கழிவும் அதே குழிக்குத்தான் போயிருக்கும். அதற்குள் பம்பில் கைப்பிடி இல்லை.