பூந்தொட்டியில் பயிர் செய்ய முடியுமா?
மெக்சிகோ மக்கள் எழுந்த வரலாறு

மெக்சிகோ என்று ஒரு நாடு. உலகப் படத்தில் தேடிப் பாருங்கள். அமெரிக்க ஐக்கிய நாட்டுக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே மக்களுக்கு முக்கிய உணவு மக்காச்சோளம். அந்த மாவில் ரொட்டி சுட்டுச் சாப்பிடுவார்கள். நாம் குழம்பில் போடும் மிளகாய் கூட முதலில் விளைந்தது அந்தப் பக்கத்தில்தான்.

அந்த நாட்டை ஸ்பெயின் நாட்டுக்காரர்கள் 300 ஆண்டுகள் ஆண்டார்கள். 1821-ல் மெக்சிகோ விடுதலை பெற்றது. ஆனால் உழுபவனுக்கு விடுதலை கிடைத்ததா? இல்லை. அதற்காக அவர்கள் மறுபடியும் போராட வேண்டி வந்தது.

தளபதியின் ஆட்சி

போர்பிரியோ டயஸ் என்று ஒரு படைத் தளபதி. பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் போரிட்டுப் பெயர் வாங்கியவர். 1876-ல் படையோடு வந்து ஆட்சியைப் பிடித்தார். அப்போது அவர் என்ன சொன்னார் தெரியுமா? ஒருவரே திரும்பத் திரும்ப ஜனாதிபதி ஆகக் கூடாது என்றார். அதற்காகவே சண்டை போடுவதாகச் சொன்னார்.

பிறகு நடந்தது வேறு. நடுவில் நான்கு ஆண்டுகள் மட்டும் இன்னொருவர் பதவியில் இருந்தார். மற்றபடி 1911 வரை நாற்காலி டயஸிடமே இருந்தது. தேர்தல் நடக்கும். யார் ஜெயிப்பார் என்று எல்லாருக்கும் முன்பே தெரியும். எதிர்த்துப் பேசினால் சிறை. எதிர்த்து எழுதினால் பத்திரிகை அலுவலகத்துக்குப் பூட்டு. கிராமப்புறத்தில் குதிரைப் போலீஸ் சுற்றி வரும்.

ரயில் வந்தது, நிலம் போனது

டயஸ் ஆட்சியில் நாடு முன்னேறவில்லையா? முன்னேறியது. சுமார் 19,000 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். சுரங்கங்கள் திறந்தார்கள். எண்ணெய் எடுத்தார்கள். வெளிநாட்டுப் பணம் நிறைய வந்தது.

ஆனால் அந்த லாபம் யாருக்குப் போனது? இதைத்தான் கவனிக்க வேண்டும்.

ரயில் வந்ததும் நிலத்தின் விலை ஏறியது. கரும்பு போட்டால் ரயிலில் ஏற்றி விற்கலாம். பண்ணையார்களின் கண் கிராம நிலத்தின் மேல் விழுந்தது. 1883-ல் ஒரு சட்டம் வந்தது. தனியார் கம்பெனிகள் தரிசு நிலத்தை அளக்கலாம். அளந்ததில் மூன்றில் ஒரு பங்கு கம்பெனிக்கே சொந்தம். பத்திரம் காட்ட முடியாத ஏழையின் நிலமும் பல இடங்களில் தரிசுக் கணக்கில் சேர்ந்தது. தலைமுறை தலைமுறையாக உழுத மண் கைவிட்டுப் போனது.

நிலம் போனவர்கள் பண்ணைக்குக் கூலியாகப் போனார்கள். பல பண்ணைகளில் கூலியைப் பணமாகத் தர மாட்டார்கள். வில்லை தருவார்கள். அது பண்ணைக் கடையில் மட்டும்தான் செல்லும். அங்கே விலை அதிகம். அதனால் கடன். கணக்கு நோட்டு பண்ணைக்காரரிடம் இருக்கும். கூலிக்காரருக்குப் படிக்கத் தெரியாது. எழுதியதுதான் கணக்கு. கடன் தீராமல் பண்ணையை விட்டுப் போக முடியாது. அப்பன் வாங்கிய கடன் மகன் தலையில் விழும்.

தொழிலாளர் நிலையும் இப்படித்தான். கனனேயா என்ற ஊரில் செம்புச் சுரங்கம் இருந்தது. ஒரே வேலைக்கு அமெரிக்கருக்கு ஒரு கூலி, மெக்சிகோக்காரருக்குக் குறைந்த கூலி. 1906-ல் வேலை நிறுத்தம் செய்தார்கள். 1907-ல் ரியோ பிளாங்கோ என்ற ஊரின் துணி ஆலைத் தொழிலாளர்கள் எழுந்தார்கள். இரண்டு இடத்திலும் துப்பாக்கிதான் பதில் சொன்னது.

ஒரு பெட்டி நிறையப் பழைய காகிதங்கள்

மொரேலோஸ் மாநிலத்தில் அனெனெகுயில்கோ என்று ஒரு சிறிய கிராமம். சுற்றிலும் கரும்புப் பண்ணைகள். கிராமத்தின் நிலத்தைப் பண்ணை கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டு வந்தது.

அந்த ஊரில் ஒரு பெட்டி இருந்தது. அதில் பழைய நிலப் பத்திரங்களும் வரைபடமும் இருந்தன. இந்த நிலம் ஊருக்குச் சொந்தம் என்பதற்கு அவைதான் சாட்சி. 1909 செப்டம்பரில் ஊர்க்கூட்டம் நடந்தது. பெரியவர்களுக்கு வயதாகிவிட்டது. புதுத் தலைவராக எமிலியானோ சபாட்டா என்ற இளைஞரைத் தேர்ந்தெடுத்தார்கள். குதிரை பழக்குவதில் கெட்டிக்காரர். கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்தவர். பெட்டி அவர் கைக்கு வந்தது. அவர் முதலில் செய்த வேலை, அந்தக் காகிதங்களைப் படித்துப் பார்த்ததுதான்.

ஊரார் வக்கீலைப் பார்த்தார்கள். மனு எழுதினார்கள். 1910-ல் மழைக்காலம் நெருங்கியது. விதைக்க நிலம் இல்லை. குத்தகை கொடுத்தாவது விதைக்கிறோம், அனுமதி தாருங்கள் என்று ஆளுநருக்கு எழுதினார்கள். பண்ணையிலிருந்து வந்த பதில் என்ன? விதைக்க ஆசை இருந்தால் பூந்தொட்டியில் விதைத்துக்கொள்ளட்டும் என்பதுதான்.

மனு போட்டுப் பார்த்தார்கள். கெஞ்சிப் பார்த்தார்கள். கடைசியில் சபாட்டா சுமார் 80 பேரோடு வயலுக்குப் போனார். கையில் துப்பாக்கி இருந்தது. நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார். மக்கள் உழுதார்கள்.

ஓட்டு ஏமாற்றியது

1910-ல் ஜனாதிபதி தேர்தல் வந்தது. டயஸுக்கு அப்போது 80 வயது ஆகப் போகிறது. வடக்கே பிரான்சிஸ்கோ மதேரோ என்பவர் அவரை எதிர்த்து நின்றார். மதேரோ பெரிய பண்ணைக் குடும்பத்துக்காரர். ஆனால் நேர்மையான தேர்தல் வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். கூட்டம் கூடியது. உடனே அவரைச் சிறையில் போட்டார்கள். டயஸ் ஜெயித்ததாக அறிவித்தார்கள்.

மதேரோ அமெரிக்காவுக்குத் தப்பிப் போனார். 1910 நவம்பர் 20 அன்று மக்கள் ஆயுதம் எடுக்க வேண்டும் என்று அழைப்பு விட்டார். பறித்த நிலத்தைத் திருப்பித் தருவோம் என்றும் அதில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிதான் கிராமத்து மக்களை இழுத்தது.

முதலில் சிறு சிறு கூட்டமாகத்தான் எழுந்தார்கள். வடக்கே பாஸ்குவல் ஒரோஸ்கோ, பாஞ்சோ வியா ஆகியோர் குதிரைப் படை திரட்டினார்கள். தெற்கே சபாட்டா எழுந்தார். டயஸ் கட்டிய ரயில் பாதையே புரட்சிக்காரர்களுக்கும் வழியானது. பெண்களும் படையோடு போனார்கள். சமைத்தார்கள், காயத்துக்கு மருந்து போட்டார்கள். சிலர் துப்பாக்கியும் எடுத்தார்கள்.

1911 மே 10 அன்று ஹுவாரஸ் என்ற எல்லை நகரம் விழுந்தது. தலைநகரில் மக்கள் தெருவுக்கு வந்து, பதவி விலகு என்று முழங்கினார்கள். அவர்கள் மேலும் குண்டு பாய்ந்தது. ஆனால் மே 25 அன்று டயஸ் பதவி விலகினார். கப்பல் ஏறி ஐரோப்பா போனார். 1915-ல் பாரிஸ் நகரில் இறந்தார்.

ஆள் போனார், நிலம் வந்ததா?

மதேரோ ஜனாதிபதி ஆனார். ஆனால் நிலம் வரவில்லை. ஆயுதத்தைக் கீழே போடுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார் அவர். நிலத்தைக் கொடுங்கள், பிறகு போடுகிறோம் என்றார்கள் சபாட்டாவின் மக்கள். 1911 நவம்பரில் அவர்கள் தங்கள் கோரிக்கையை எழுதி வெளியிட்டார்கள்.

இன்னொரு தவறும் நடந்தது. டயஸின் பழைய படையை மதேரோ அப்படியே வைத்துக்கொண்டார். 1913 பிப்ரவரியில் உவெர்த்தா என்ற தளபதி அவரைக் கவிழ்த்தார். மதேரோவைச் சுட்டுக் கொன்றார்கள். மறுபடியும் படைத் தளபதியின் ஆட்சி. மக்கள் மறுபடியும் எழுந்தார்கள். 1914 ஜூலையில் உவெர்த்தாவும் ஓடினார். அதன் பிறகு புரட்சித் தலைவர்களே ஒருவரோடு ஒருவர் மோதினார்கள். 1919 ஏப்ரல் 10 அன்று சபாட்டாவை வஞ்சகமாக வரவழைத்துக் கொன்றார்கள்.

எவ்வளவு இழப்பு! 1910-ல் நாட்டின் மக்கள் தொகை சுமார் ஒரு கோடியே 51 லட்சம். 1921-ல் ஒரு கோடியே 43 லட்சம். சண்டையில் செத்தார்கள், பசியில் செத்தார்கள், விஷக் காய்ச்சலில் செத்தார்கள். பிழைக்க எல்லை தாண்டிப் போனவர்களும் பலர்.

எழுதிய சட்டம்

1917 பிப்ரவரி 5 அன்று புதிய அரசியல் சட்டம் வந்தது. நிலமும் நீரும் மண்ணுக்கு அடியில் உள்ள செல்வமும் நாட்டுக்குச் சொந்தம். பறித்த நிலத்தைக் கிராமங்கள் திரும்பப் பெறலாம். தொழிலாளருக்கு 8 மணி நேர வேலை. அரசுப் பள்ளியில் தொடக்கக் கல்வி இலவசம். இவையெல்லாம் அதில் இருந்தன.

சட்டம் எழுதியதும் நிலம் வந்துவிடவில்லை. பெரிய அளவில் நிலம் பிரித்தது 1934 முதல் 1940 வரை ஆண்ட லாசரோ கார்தெனாஸ் காலத்தில்தான். சுமார் ஒரு கோடியே 80 லட்சம் ஹெக்டேர் நிலம் கிராமங்களுக்குக் கிடைத்தது. 1992-ல் சட்டத்தை மாற்றினார்கள். நிலம் பிரிப்பது நின்றது. கிராமப் பொது நிலத்தைத் தனியாருக்கு விற்கவும் வழி வந்தது. அதை எதிர்த்து இன்றும் பேசுகிறவர்கள் சபாட்டா பெயரைச் சொல்கிறார்கள்.

புரட்சி தொடங்கியபோது பத்துப் பேரில் ஏழு பேருக்கு மேல் எழுத்து தெரியாது. 1920-ல் எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. படித்தவர்கள் சம்பளம் வாங்காமல் படிக்காதவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நம் நாட்டு விடுதலை வீரர் பாண்டுரங்க கான்கோஜே அந்த மெக்சிகோவுக்குப் போய், வேளாண்மை ஆசிரியராக வேலை செய்தார்.

சண்டை நடந்த ஆண்டுகளிலும் அனெனெகுயில்கோ மக்கள் அந்தக் காகிதப் பெட்டியைக் காப்பாற்றினார்கள். துப்பாக்கி ஒரு தளபதியை விரட்டியது. ஆனால் நிலம் யாருடையது என்று சொன்னது அந்தப் பெட்டியில் இருந்த எழுத்துதான்.

கலந்து பேசுங்கள்

1. கூலிக்காரருக்குக் கணக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் என்ன மாறியிருக்கும்?
2. டயஸ் போன பிறகும் சண்டை ஏன் நிற்கவில்லை?
3. உங்கள் வீட்டு நிலப் பத்திரம் எங்கே இருக்கிறது? அதில் என்ன எழுதியிருக்கிறது? எடுத்துப் படித்துப் பாருங்கள்.