கைக்குள் அடங்கும் 'எதிரொலி' ரெயில்!

ஜப்பானில் ஓடிய ஒரு ரெயிலுக்கு 'கொடாமா' என்று பெயர். அப்படியென்றால் எதிரொலி.

காலையில் டோக்கியோவில் ஏறி, ஒசாகா போய், வேலையை முடித்து, அன்றிரவே வீடு திரும்பலாம். கூப்பிட்ட குரல் திரும்பி வருவது போல!

1958 நவம்பர் 1-ந் தேதி ஓடத் தொடங்கிய இந்த மின்சார ரெயில், 6 மணி 50 நிமிடத்தில் ஒசாகா போய்ச் சேர்ந்தது. 1959-ல் சோதனை ஓட்டத்தில் மணிக்கு 163 கிலோ மீட்டர் வேகம்!

இத்தனைக்கும் அது குறுகிய பாதை. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1,067 மில்லி மீட்டர்தான். சென்னை தியாகராய நகரை ஒட்டிய மாம்பலம் ரெயில் நிலையம் வழியாக 1931 முதல் 2004 வரை மீட்டர் கேஜ் மின்சார ரெயில்கள் ஓடினவே, அந்தப் பாதையை விட நாலு விரல் அகலம் கூட அதிகமில்லை!

கொடாமாவை இப்போது 150-ல் ஒரு பங்கு அளவில் பொம்மையாகச் செய்கிறார்கள். சிவப்பு, இளமஞ்சள் வர்ணம், புடைத்த மூக்கு, எல்லாம் அப்படியே இருக்கும். ஒரு பெட்டியின் நீளம் ஒரு சாண் கூட இராது.

ஆனால் அதில் ஒரு பொய்!

கணக்குப்படி பொம்மைத் தண்டவாளத்தின் இடைவெளி 7 மில்லி மீட்டர் வர வேண்டும். இருப்பதோ 9. பல நாடுகளிலும் சின்னப் பொம்மை ரெயிலுக்கு அதுதான் பாதை. அதற்காகக் கொடாமாவும் காலை அகட்டி நிற்கிறது.

1964-ல் வந்த புல்லட் ரெயிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் பாதை 1,435 மில்லி மீட்டர். பொம்மை 160-ல் ஒரு பங்கு. வகுத்துப் பாருங்கள், 9 வரும்!

குறுகிய பாதையில் பறந்ததுதான் கொடாமாவின் பெருமை. பொம்மையில் அதுவே மறைந்து விடுகிறது. இதைப் பொறுக்காத ரசிகர்கள் சிலர் ஜப்பானில் உண்டு. அவர்கள் 80-ல் ஒரு பங்கு பொம்மைகளை, கணக்குப்படி 13 மில்லி மீட்டர் பாதை போட்டே ஓட்டுகிறார்கள்.