பக்கத்து சீட்டுக்காரருக்கு தோல் நோய்! உங்களுக்கு ஒட்டுமா?

ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரரின் கையில் வெள்ளையாக ஒரு திட்டு. கேட்கவும் கூச்சம். கேட்காமல் இருக்கவும் பயம்.

அன்று முதல் அவர் தொட்ட பேனாவை யாரும் தொடுவதில்லை. அவர் தண்ணீர் குடிக்கிற டம்ளர் தனியாக ஒதுங்குகிறது. டிபன் பாக்ஸ் திறக்கும் நேரத்தில், "கொஞ்சம் வெளியே வேலை இருக்கு சார்" என்று ஒவ்வொருவராக நழுவுகிறார்கள்.

கடைசியில் மேனேஜர் காதில் விஷயம் போடப்படுகிறது. "ஏதோ ஒட்டுவாரொட்டியாம் சார். நாங்க புள்ளகுட்டிக்காரங்க..."

மின்சார ரெயிலில் தாம்பரம், கூடுவாஞ்சேரி என்று தோளோடு தோள் உரசி செங்கல்பட்டு வந்து இறங்குகிறவருக்கு, வழியில் எத்தனை பேரின் தோல் உரசியது என்ற கணக்கு கிடையாது. ஆபீசுக்குள் வந்த பிறகுதான் பயம் பிடித்துக்கொள்கிறது!

இந்தப் பயத்தால் ஒருவரின் வேலையே போய்விடலாம். வேலை போய்விடுமோ என்று நோயை மறைத்தால் கையே போய்விடலாம்.

எது ஒட்டும்? எது ஒட்டாது?

முதலில் வெண்புள்ளி. தோலுக்கு நிறம் தருகிற அணுக்கள் செத்துப்போவதால் வருவது. யாருக்கும் ஒட்டாது. "வெண்குஷ்டம்" என்று பழைய காலத்தில் வைத்த பெயரால் வந்த வம்புதான் எல்லாம். குஷ்டத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அடுத்து சொரியாசிஸ். தோல் தடித்து, வெள்ளி நிறத்தில் செதில் செதிலாக உதிரும். பார்க்கப் பயமாக இருக்கும். இதுவும் ஒட்டாது. ஆனால் மனக்கவலையால் அதிகமாகும். சக ஊழியர்கள் ஒதுக்க ஒதுக்க நோயும் கூடும்!

ஒட்டுகிற நோய்களும் உண்டு. வியர்வை வழியும் கடற்கரை ஊர்களில் சகஜமாக வரும் படர்தாமரை ஒட்டும். துண்டு, சட்டையை மாற்றிப் போட்டால் வரும். சிரங்கும் ஒட்டும். ஒரே பாயில் படுக்கிற வீட்டாருக்குத்தான் அதிகம் வரும். இரண்டுக்கும் மருந்து உண்டு. ஆனால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி ஸ்டீராய்டு களிம்பைத் தடவினால், படை அடங்குவதுபோல் அடங்கி, பிறகு பலமாகக் கிளம்பும்.

திருமணியில் கிடைத்த விடை

ஆனால் எல்லோரும் மனதுக்குள் நினைத்து, வாய்விட்டுச் சொல்லாத பெயர் ஒன்று உண்டு. தொழுநோய். பாட்டிமார் பாஷையில் பெருவியாதி.

இந்தப் பயத்துக்கு விடை தேடிய ஊர்களில் செங்கல்பட்டுக்குத் தனி இடம் உண்டு. பக்கத்தில் திருமணியில் லேடி வெலிங்டன் தொழுநோய் ஆஸ்பத்திரி 1920-களிலேயே வந்துவிட்டது. 1955-ல் அது மத்திய அரசின் தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக மாறியது.

நீரடிமுத்து எண்ணெய் ஊசியைவிட்டால் வேறு கதியில்லை என்று இருந்த காலத்தில், டாப்சோன் என்ற புது மருந்தை 1940-களில் இங்கே கொடுத்துப் பார்த்தவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன்.

அவரைப் பார்க்க 1947-ல் வேலூரிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். பெயர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர். எலும்பு ஆபரேஷன் நிபுணர். மடங்கிப்போன விரல்களோடு இருந்த ஒரு நோயாளியிடம் கையை நீட்டி, "என் கையை அழுத்திப் பிடி" என்றார்.

பிடித்த பிடியில் டாக்டருக்கே வலி எடுத்துவிட்டது!

கை அழுகவில்லை. தசையில் பலம் இருக்கிறது. நரம்புதான் போயிருக்கிறது. வலி தெரியாததால்தான் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் விரல்களை இழக்கிறார்கள் என்பது பிறகு நிரூபணமானது. மறு ஆண்டே மடங்கிய கைகளை நிமிர்த்தும் ஆபரேஷன் வேலூரில் தொடங்கியது.

நோயாளி கையைப் பிடித்த டாக்டருக்கு நோய் வரவில்லை.

நூற்றில் 95 பேருக்கு வராது

தொழுநோய்க் கிருமியை எதிர்க்கும் சக்தி நூற்றில் சுமார் 95 பேருக்கு இயற்கையாகவே உண்டு. சிகிச்சை எடுக்காத நோயாளியோடு நெருங்கி, நீண்ட காலம் பழகினால்தான் மூக்கு, வாய்ச் சாரல் வழியே பரவும். கை குலுக்குவதால், ஒன்றாகச் சாப்பிடுவதால், பக்கத்தில் உட்காருவதால் பரவாது. மருந்து தொடங்கிவிட்டால், பரப்பும் தன்மை சீக்கிரமே போய்விடும்.

மருந்து 6 மாதம் அல்லது 12 மாதம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

இதில் ஒரு வேடிக்கை. மருந்தில் உள்ள குளோபசிமின் மாத்திரை தோலைக் கறுக்க வைக்கும். "ஆளு கறுத்துட்டார், நோய் முத்திப்போச்சு" என்று ஆபீஸ் கிசுகிசுக்கும். உண்மையில் அவர் குணமாகிக்கொண்டு இருக்கிறார்! மாத்திரை நின்றதும் கறுப்பு மெல்ல மங்கும்.

சட்டமே மாறிவிட்டது

நோயாளிகளைப் பிடித்து அடைக்க வழி செய்த 1898-ம் ஆண்டுச் சட்டம் 2016-ல் ஒழிந்தது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கும் வழியை 2019-ல் நாடாளுமன்றம் அடைத்தது. நோய் குணமானவரை அரசு வேலையில் பாகுபாடாக நடத்தக் கூடாது என்பதும் சட்டம்.

1954-ல் வந்த "ரத்தக்கண்ணீர்" படத்தில் எம்.ஆர்.ராதா பட்ட பாட்டைப் பார்த்து, இது பாவத்துக்குக் கிடைத்த கூலி என்று நம்பியவர்கள் ஏராளம். பாவமும் இல்லை, சாபமும் இல்லை. வெறும் கிருமி.

நோய் ஒழிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். 2023-ல் உலகம் முழுவதும் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் புது நோயாளிகள். அதில் பாதிக்கு மேல் இந்தியாவில்.

என்ன செய்யலாம்?

வெளிறிய அல்லது சிவந்த திட்டு. அரிக்காது. வலிக்காது. தொட்டால் உணர்ச்சி குறைவு. இதுதான் அடையாளம். மாமல்லபுரத்தில் உளி பிடிக்கும் சிற்பியானாலும், வலை இழுக்கும் மீனவரானாலும், ஓட்டல் அடுப்படியில் நிற்பவரானாலும், கையில் சூடு தெரியவில்லை என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நரம்பு முழுதாகப் போன பிறகு மருந்து கிருமியைக் கொல்லும். போன உணர்ச்சியைத் திருப்பித் தராது.

பக்கத்து சீட்டுக்காரருக்கு அப்படி ஒரு திட்டு தெரிந்தால், மேனேஜரிடம் ஓட வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டிடுங்க. வேணும்னா நானும் வர்றேன்" என்று சொன்னால் போதும்.

ஒதுக்கினால் மறைப்பார். மறைத்தால்தான் நோய் பரவும்.