விழுந்த பல்லுக்குப் பதில்... செட், பிரிட்ஜ், இம்பிளான்ட் - யாருக்கு எது சரி?

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல் மட்டுமா? முறுக்கும் கொய்யாவும் போகின்றன. பந்தியில் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடும் ஆசையும் போய்விடுகிறது. ஆனாலும் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர்களில் பலர், 'வெளியில் தெரியவா போகிறது' என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

அந்த இடைவெளி சும்மா இருப்பதில்லை. பக்கத்துப் பற்கள் அதை நோக்கிச் சாயும். எதிர்ப்பக்கப் பல், தடுக்க ஆளில்லாமல் நீண்டு வரும். வேர் இருந்த இடத்தில் தாடை எலும்பு மெல்லக் கரையும். தள்ளிப்போடப் போட, சிகிச்சை கடினமாகும், செலவும் கூடும். ஞானப்பல்லுக்கு மட்டும் பொதுவாக மாற்றுப் பல் தேவையில்லை.

கழற்றி மாட்டும் பல் செட்

செலவு குறைவு. ஒரு பல்லுக்கும் கட்டலாம், முழு வாய்க்கும் கட்டலாம். அறுவை சிகிச்சை கிடையாது. ஆனால், பழகச் சில வாரங்கள் ஆகும். கீழ்த்தாடை செட் கொஞ்சம் ஆடவும் செய்யும். இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். வெந்நீர் கூடாது, வடிவம் மாறிவிடும். எலும்பு கரையக் கரைய செட் தளரும் என்பதால், சில வருடங்களுக்கு ஒருமுறை சரிசெய்யவோ மாற்றவோ வேண்டியிருக்கும்.

பிரிட்ஜ்

இது கழற்றாத பல். இரண்டு, மூன்று வாரங்களில் வேலை முடிந்துவிடும். ஆனால், இருபுறமும் உள்ள பற்களைச் சீவி, அவற்றின்மேல் கேப் மாட்டித்தான் நடுப்பல்லைத் தாங்க வைக்கிறார்கள். பக்கத்துப் பற்களில் ஏற்கெனவே பெரிய அடைப்போ கேப்போ இருந்தால் பிரிட்ஜ் நல்ல தேர்வு. அவை பழுதில்லாத பற்கள் என்றால், ஒரு பல்லுக்காக இரண்டு நல்ல பற்களைச் சீவலாமா என்று யோசிக்க வேண்டும்.

இம்பிளான்ட்

தாடை எலும்பில் டைட்டானியம் ஸ்க்ரூ பொருத்தி, அதன்மேல் பல் வைக்கும் முறை. டைட்டானியத்தோடு எலும்பு இறுகப் பிணைவதை ஆராய்ந்து, 1965-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தியவர் ஸ்வீடனின் பிரோனெமார்க். பக்கத்துப் பற்களைத் தொடத் தேவையில்லை. மெல்லும்போது சொந்தப் பல்லைப் போலவே உறுதியாக இருக்கும். ஆனால், செலவு அதிகம். எலும்பு பிணைய பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் பிடிக்கும்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் இது தோல்வி அடையும் வாய்ப்பு அதிகம். எலும்பு அடர்த்திக் குறைவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், தாங்களாக அதை நிறுத்தக் கூடாது. தாடை வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கு இம்பிளான்ட் வைப்பதில்லை. அதுவரை தற்காலிகப் பல்தான். இம்பிளான்ட்டில் சொத்தை வராது. ஆனால், சரியாகத் துலக்காவிட்டால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் கெடும்.

முடிவெடுக்கும் முன் கேளுங்கள்

* எனக்கு இந்த முறையைச் சொல்வது ஏன்? மற்ற இரண்டும் ஏன் வேண்டாம்?
* மொத்தச் செலவு எவ்வளவு? இம்பிளான்ட்டில் ஸ்க்ரூ, கேப், ஸ்கேன், எலும்பு சேர்ப்பது எனத் தனித்தனியாகக் கணக்கு வரலாம். பிரிட்ஜில் ஒரு பல் போனாலும், பெரும்பாலும் மூன்று பற்களுக்குக் கட்டணம் போடுவார்கள்.
* இதை நான் வீட்டில் எப்படிச் சுத்தம் செய்வது?

கட்டணம் இடித்தால், சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் விசாரிக்கலாம். காத்திருக்க வேண்டி வரலாம். செலவு வெகுவாகக் குறையும்.

பெரியவர்களுக்கு என்றால்...

'இந்த வயசுல எதுக்கு இவ்வளவு செலவு' என்று அப்பாவும், 'நல்லதா ஒரு செட் போதும்' என்று பிள்ளைகளும் முடிவுசெய்துவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. கடைசியில் அந்த செட், டம்ளரிலேயே கிடக்கிறது. அப்பா குழைத்த சோற்றை விழுங்குகிறார். முழுப்பல் செட் கீழே நிற்காமல் ஆடினால், இரண்டு இம்பிளான்ட் வைத்து அதன்மேல் செட்டைப் பிடித்து நிற்கவைக்கும் வழியும் உண்டு. எல்லாப் பற்களுக்கும் தனித்தனியாக வைப்பதைவிட இது செலவு குறைவு.

விலை உயர்ந்தது எல்லோருக்கும் சிறந்தது அல்ல. மலிவானது எல்லோருக்கும் லாபமும் அல்ல. காசு கொடுப்பவர் யாராக இருந்தாலும், டாக்டர் முன் உட்கார்ந்து பேச வேண்டியவர், அந்தப் பல்லால் தினமும் மெல்லப்போகிறவர்தான்.