காவற்காரன் கையில் பழைய பட்டியல்

மக் கணினியை வைரஸ் அணுகாது என்ற நம்பிக்கை நம்மவரிடையே இன்றும் நிலவக் காண்கிறோம். அந்நம்பிக்கைக்கு 2011ஆம் ஆண்டு மே மாதத்திலேயே பெருத்த அடி விழுந்துவிட்டது. ‘மக் டிபெண்டர்’ என்னும் போலி மென்பொருளொன்று வைரஸ் தடுப்பானின் வேடம் பூண்டு வந்து, ‘உமது கணினியில் நோய் புகுந்துவிட்டது, பணம் செலுத்தினால் நீக்குவேன்’ என்று பொய்யுரைத்துப் பலரின் கடனட்டை எண்களைக் கவர்ந்தது. அம்மாத இறுதியில் அப்பிள் நிறுவனம் அதற்கு மாற்று வெளியிட்டது. ஆனால், சில மணி நேரத்துள்ளேயே அம்மாற்றுக்கு அகப்படாத புது வடிவில் போலி மீண்டும் தலைகாட்டிற்று! கணினியுடன் கூடவே வரும் ‘எக்ஸ்புரொடெக்ட்’ என்னும் காவலேற்பாடு, புதிய பட்டியல் உண்டா என்று நாள்தோறும் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான்.

வைரஸ் தடுப்பான் பெரிதும் நம்பியிருப்பது, தீய நிரல்களின் அடையாளங்களைக் கொண்ட பட்டியலையே. பட்டியல் புதுப்பிக்கப்படாவிடின், நேற்றைய கள்ளரை மாத்திரம் அறிந்த காவற்காரனின் நிலைதான் அதற்கும்.

புதுப்பித்தல் தடைப்பட்டால் சந்தாக் காலம் முடிந்துவிட்டதா, இணையத் தொடர்பு உண்டா, வன்தட்டில் இடம் இருக்கிறதா என்பவற்றை முதலில் பார்த்துவிடலாம். பலரும் பாராத ஒன்று கணினியின் கடிகாரம். பட்டியலை அனுப்பும் நிலையம், தான் இன்னாரென்பதற்கு ஒரு மின்சான்றிதழைக் காட்டுகின்றது. அச்சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. நமது கணினி இன்னும் 2015ஆம் ஆண்டிலேயே இருப்பதாக எண்ணிக்கொண்டிருந்தால், இன்றைய சான்றிதழை எவ்வாறு ஏற்கும்? திகதியைத் திருத்தியதும் கோளாறு நீங்குவதுண்டு. இணைய நிறுவனத்தை ஏசுவதற்கு முன் இதனைப் பார்த்துவிடுவது நன்று.

அடுத்தது அனுமதி. 2018இல் வந்த ‘மொஹாவே’ பதிப்பு முதல், வன்தட்டு முழுவதையும் பார்வையிட, தடுப்பானுக்கு உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். இயங்குதளத்தைப் பெரிய அளவில் மாற்றியபின் இவ்வொப்புதலை மீண்டும் வழங்க நேர்வதுமுண்டு. ‘சிஸ்டம் செற்றிங்ஸ்’ சென்று, ‘பிரைவசி அன்ட் செக்கியூரிட்டி’ என்ற பகுதியில் அனுமதி வழங்கிக் கணினியை மூடித் திறக்கவேண்டும். இயங்குதளம் மிகப் பழையதாயின், தயாரிப்பாளரே அதற்கான ஆதரவை நிறுத்தியிருக்கவுங்கூடும். அப்போது எவ்வளவு முயன்றும் பயனில்லை.

ஒரே கணினியில் இரண்டு தடுப்பான்கள் இருந்தால் ஒன்றையொன்று மறித்துக்கொள்ளும், ஒன்றை அகற்றுக. அகற்றுங்கால் குப்பைக்கூடைக்குள் இழுத்துப் போட்டால் போதாது, மறைவில் இயங்கும் பகுதிகள் எஞ்சிவிடும். தயாரிப்பாளர் அளித்த நீக்கும் கருவியையே கையாளவேண்டும். மீண்டும் நிறுவுவதாயின் அவர்களது தளத்திலிருந்தே பெறுக.

இணையத்தில் உலாவும்போது ‘உமது தடுப்பான் பழையது, இங்கே அழுத்துக’ என்று தோன்றும் அறிவிப்பைப் பிள்ளைகள் அழுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளல் அவசியம். ‘பிளாஷ்பக்’ என்ற தீநிரல் 2011இல் முதன்முதல் வந்தது, பிளாஷ் பிளேயரை நிறுவும் கோப்பின் வேடத்திலேதான். 2012 ஏப்ரலில் அது ஜாவாவிலிருந்த ஓட்டை வழியாக ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக் கணினிகளிற் புகுந்திருந்தது. அவ்வோட்டையை அடைக்கும் திருத்தம் வின்டோஸ் கணினிகளுக்குப் பெப்ரவரியிலேயே கிடைத்துவிட்டது. மக் கணினிகளுக்கோ ஏப்ரலில்தான் வந்து சேர்ந்தது.